எந்த மொழி, எந்த அளவுக்கு? வாசகர் கேள்வி பதில்

மொழித்திறன், மொழித் தேர்வுகள் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு எங்கள் மொழிப் பயிற்சிக் குழு தரும் பதில்கள்.

பயோடேட்டாவில் ‘தெரிந்த மொழிகள்: தமிழ், ஆங்கிலம், ஹிந்தி, மலையாளம்’ என்று போட்டிருந்தேன். கொச்சிக் கம்பெனி நேர்முகத்தில் மலையாளக் கடிதம் ஒன்றைக் கொடுத்துப் படிக்கச் சொன்னார்கள். எனக்குப் பேச மட்டும்தான் வரும். எப்படி எழுதியிருக்க வேண்டும்?
– ஆர்.எஸ்., திருப்பூர்

நான்கு மொழிகளையும் ஒரே வரியில் காற்புள்ளி போட்டு அடுக்கியதுதான் வம்பு. கேட்டுப் புரிந்துகொள்வது, பேசுவது, வாசிப்பது, எழுதுவது ஆகிய நான்கும் தனித்தனித் திறன்கள். ஒன்று நன்றாக வந்தால் மற்றவையும் வரும் என்பதில்லை. கேரளத்துக்காரர்களுடன் வேலை பார்த்த பலருக்கு மலையாளப் பேச்சு சரளமாக இருக்கும், எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. நம் ஊர்ப் பட்டதாரிகளின் ஆங்கிலம் இதற்கு நேர்மாறு. தடிமனான பாடப்புத்தகத்தைப் படித்துவிடுவார்கள், போனில் இரண்டு நிமிடம் பேசச் சொன்னால் வியர்க்கும்.

அதனால் ஒவ்வொரு மொழிக்கும் திறன்களைப் பிரித்து எழுதுங்கள். அளவுக்கு, ஐரோப்பிய கவுன்சில் 2001இல் வெளியிட்ட ஆறு படி அளவுகோலை எடுத்துக்கொள்ளலாம்: ஏ1, ஏ2, பி1, பி2, சி1, சி2. பன்னாட்டுக் கம்பெனிகளின் மனிதவளத் துறையினருக்கு இது பழக்கம். படிகளைச் சுருக்கமாகச் சொன்னால்:

ஏ1: பெயர், ஊர், விலை, நேரம் கேட்கலாம், சொல்லலாம், எதிரில் இருப்பவர் மெதுவாகப் பேச வேண்டும். ஏ2: கடை, பேருந்து, வீட்டு விஷயம் போன்ற பழகிய காரியங்களைச் சின்ன வாக்கியங்களில் முடிக்கலாம். பி1: நடந்ததைக் கோவையாகச் சொல்லலாம், பயணத்தில் வரும் சிக்கலைச் சமாளிக்கலாம். பி2: உங்கள் வேலை சம்பந்தப்பட்ட விவாதத்தில் காரணம் காட்டி வாதிடலாம், எதிராளி உங்களுக்காக வேகத்தைக் குறைக்க வேண்டியதில்லை. சி1, சி2 இரண்டும் நீண்ட, நுணுக்கமான பேச்சுக்கும் எழுத்துக்கும் உரியவை.

எந்தப் படி என்று உங்களை நீங்களே அளக்கும்போது பொதுவாக ஒரு படி கூட்டியே போடுவோம். அதைத் தவிர்க்க இரண்டு சோதனைகள். பேச்சுக்குப் போன் சோதனை: எதிராளியின் முகமும் கையும் தெரியாத நிலையில், கேஸ் சிலிண்டர் வரவில்லை என்று அந்த மொழியில் புகார் சொல்லி, அவர் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்லி முடிக்க முடிகிறதா? முடிந்தால் பி1 எனலாம். நேரில் பேசினால்தான் சமாளிக்க முடியும் என்றால் ஏ2தான்.

வாசிப்புக்கு, செய்தித்தாளில் 200 சொற்கள் உள்ள பகுதியை எடுத்து, தெரியாத சொல்லை எல்லாம் அடிக்கோடிடுங்கள். நான்குக்குள் இருந்தால், அதாவது 2 சதவீதத்துக்குள், அகராதி இல்லாமல் நிம்மதியாகப் படிக்கலாம். பத்தைத் தாண்டினால் சாரம் பிடிபடுவதே கஷ்டம்.

உங்கள் வரி இப்படி இருக்கலாம்: ‘மலையாளம்: கேட்டல் பி2, பேச்சு பி1, வாசிப்பும் எழுத்தும் இல்லை.’ எழுத்து இல்லை என்று சொல்வதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் கிடையாது. விற்பனை வேலைக்கு அந்தப் பேச்சே போதும். லிங்க்ட்இன் தளத்தில் இருக்கும் ஐந்து நிலைகளை மட்டும் இந்த ஆறோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். அவை அமெரிக்க அரசு ஊழியர்களுக்கான வேறொரு அளவுகோலின் வழி வந்தவை, ஒன்றுக்கொன்று நேராகப் பொருந்தா.

தாய்மொழி தமிழ் என்பதால் சி2 என்று போட்டுக்கொள்ளலாமா?
– அதே வாசகர்

வேண்டாம். ‘தாய்மொழி’ என்று மட்டும் போடுங்கள். அந்த அளவுகோல் பிற மொழி கற்பவருக்காக வடிவமைத்தது. தமிழில் பேசி வளர்ந்தவர் அலுவலகக் கடிதத்தைப் பிழையின்றி எழுதுவார் என்பதற்கு அது உத்தரவாதம் இல்லை. வேலைக்கு எழுத்துத் தமிழ் தேவை என்றால் ‘அலுவலகக் கடிதம், மொழிபெயர்ப்பு எழுதத் தெரியும்’ என்று செய்யக்கூடியதைச் சொல்வது மேல்.

நர்ஸிங் முடித்துவிட்டு ஜெர்மனி போக முயல்கிறேன். பி1 போதும் என்கிறது ஓர் ஏஜென்சி, பி2 வேண்டும் என்கிறது இன்னொன்று. நாலே மாதத்தில் பி2 முடித்துத் தருவதாகவும் சொல்கிறார்கள். ஒரு முறை பி1 எழுதியதில் கேட்டல் பகுதியில் மட்டும் தோற்றுவிட்டேன்.
– ஜே.எம்., நாகர்கோவில்

இரண்டு ஏஜென்சியும் பாதி உண்மை சொல்கின்றன. ஜெர்மனியில் முழுத் தகுதி பெற்ற செவிலியராக அங்கீகாரம் வாங்க, பெரும்பாலான மாநிலங்களில் பி2 கேட்கிறார்கள். பி1 முடித்தவரை அழைத்துக்கொண்டுபோய், உதவியாளராக வேலை கொடுத்து, அங்கேயே பி2வுக்குப் படிக்க வைக்கும் ஏற்பாடும் நடைமுறையில் உண்டு. வெளிநாட்டு வேலைக்கு உதவும் கேரள அரசு அமைப்பான நோர்கா வழியாக நடக்கும் ‘டிரிபிள் வின்’ திட்டத்திலும் பி1 வரை இங்கே, மிச்சம் அங்கே. ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டியவை: பி2 படிப்புச் செலவு யாருடையது, படிக்க வேலை நேரத்தில் ஒதுக்கீடு உண்டா, அங்கீகாரம் வரும்வரை சம்பளம் என்ன, குறித்த காலத்துக்குள் பி2 எடுக்காவிட்டால் என்ன ஆகும். இந்த நான்கும் எழுத்தில் இல்லாத ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

நாலு மாதக் கணக்கைப் பார்ப்போம். பி2வை எட்ட, பூஜ்யத்திலிருந்து தொடங்கினால் 600 முதல் 800 பாடவேளை ஆகும் என்பது ஜெர்மன் மொழியைக் கற்பித்துத் தேர்வும் நடத்தும் கதே இன்ஸ்டிடியூட்டின் மதிப்பீடு. ஒரு பாடவேளை 45 நிமிடம். பி1க்கு 350 முதல் 650. தினம் ஐந்து பாடவேளை, வாரம் ஐந்து நாள் என்றால் வாரத்துக்கு 25. பி2வுக்கு 24 முதல் 32 வாரம் தேவை, விடுப்பு, காய்ச்சல் எதையும் சேர்க்காமல். வீட்டில் உட்கார்ந்து படிக்கும் நேரம் இதற்கு மேல். நீங்கள் பி1 வாசலில் நிற்பதால் அங்கிருந்து பி2வுக்கு நாலு மாதம் என்றால் நடக்கக்கூடியது. முதல் நாள் வகுப்புக்கு வருபவருக்கும் அதே நாலு மாதம் என்று சொன்னால் நம்ப வேண்டாம்.

கேட்டலில் தோற்றதற்கு வருவோம். கதே பி1 தேர்வு நான்கு தனித்தனிப் பகுதிகள்: வாசிப்பு 65 நிமிடம், கேட்டல் 40 நிமிடம், எழுத்து 60 நிமிடம், பேச்சு சுமார் 15 நிமிடம். ஒவ்வொன்றிலும் 100க்கு 60 வேண்டும். தேறிய பகுதியைத் திரும்ப எழுத வேண்டியதில்லை, கேட்டலுக்கு மட்டும் பணம் கட்டி எழுதலாம். அந்தக் கேட்டலின் நாலு பாகங்களில் முதலும் நான்காவதும் இரண்டு முறை ஒலிக்கும், இரண்டாவதும் மூன்றாவதும் ஒரே ஒரு முறைதான். வீட்டில் பயிற்சி செய்யும்போது எல்லாவற்றையும் நிறுத்தி நிறுத்தி, திரும்பத் திரும்பக் கேட்டவர்கள் நடுவில் இருக்கும் இந்த இரண்டு பாகங்களில்தான் கோட்டைவிடுகிறார்கள். பயிற்சியை இப்படி மாற்றுங்கள்: முதலில் கேள்விகளைப் படித்து முக்கியச் சொல்லைக் குறிப்பது, பிறகு ஒரே முறை நிறுத்தாமல் கேட்டு விடை எழுதுவது, அதன் பிறகே எழுத்து வடிவத்தை வைத்துக்கொண்டு எந்த இடத்தில் காது நழுவியது என்று பார்ப்பது. நழுவிய வாக்கியத்தை மட்டும் வாய்விட்டு ஐந்தாறு முறை சொல்லுங்கள். வாயில் வராத ஒலி காதிலும் விழாது.

தமிழர்களுக்கு நழுவும் ஒலிகள் பெரும்பாலும் ஒன்றேதான். தமிழில் ‘க’வும் ‘ப’வும் இடத்துக்குத் தக்கபடி வல்லொலியாகவோ மெல்லொலியாகவோ தானே மாறிக்கொள்ளும், சொல்லின் பொருள் மாறாது. ஜெர்மனில் ‘பாக்கென்’ என்பதை அழுத்தி உதட்டை வெடித்துச் சொன்னால் மூட்டை கட்டுவது, மெல்லிய ‘ப’வாகச் சொன்னால் அடுப்பில் வேகவைப்பது. அடுத்தது, ஆங்கிலத்திலும் தமிழிலும் இல்லாத உயிர்: நாக்கை ‘ஈ’ சொல்லும் நிலையில் வைத்து, உதட்டை மட்டும் ‘ஊ’ போலக் குவிக்க வேண்டும். ‘அழுத்துங்கள்’, ‘அச்சிடுங்கள்’ என்ற இரண்டு வினைக்கும் ஜெர்மனில் இந்த ஓர் உயிர்தான் வித்தியாசம். வார்டில் அது சின்ன விஷயம் இல்லை.

வாக்கிய அமைப்பில் ஒரு வேடிக்கை உண்டு. காரணம் சொல்லும் துணை வாக்கியத்தில் ஜெர்மன் வினைச்சொல் கடைசியில் வரும்: ‘வைல் இஷ் க்ராங்க் பின்’, அதாவது ஏனென்றால் – நான் – நோயாளியாக – இருக்கிறேன். தமிழருக்கு இது இயல்பாகவே வர வேண்டும். ஆனால் நாம் ஆங்கிலம் வழியாக ஜெர்மன் படிப்பதால் இதிலேயே தடுமாறுகிறோம். முதன்மை வாக்கியத்தில் வினை இரண்டாம் இடத்தில் நிற்க வேண்டும்: ‘ஹொய்டெ கேயெ இஷ்’, அதாவது இன்று – போகிறேன் – நான். ஆங்கிலப் பழக்கத்தில் ‘ஹொய்டெ இஷ் கேயெ’ என்று எழுதுவது பி1 விடைத்தாள்களில் அடிக்கடி காணும் பிழை. பெயர்ச்சொல்லைத் தனியாக மனப்பாடம் செய்யாதீர்கள். அதன் முன்னால் பால் காட்டும் சொல் ஒன்று வரும்: கரண்டிக்கு ‘டேர்’, முள்கரண்டிக்கு ‘டீ’, கத்திக்கு ‘தஸ்’. இதில் தர்க்கம் தேடிப் பயனில்லை. அந்த முன்சொல்லோடும் பன்மையோடும் சேர்த்தே ஒரே சொல்லாக நோட்டில் எழுதுங்கள். கதே வெளியிடும் சொற்பட்டியலில் ஏ1க்குச் சுமார் 650 சொல், ஏ2க்கு 1,300, பி1க்கு 2,400. நாளைக்குப் பதினைந்து புதுச்சொல், முந்தைய வாரத்தது திருப்புதல் என்று போனால் எட்டக்கூடிய எண்தான்.

பி2 எழுத்துத் தேர்வு 75 நிமிடம்: இணையக் கருத்துப் பதிவு ஒன்று 150 சொல், அலுவல் தகவல் ஒன்று 100 சொல். கேள்வியில் தரும் நாலு குறிப்புகளில் ஒன்றை விட்டுவிட்டு மற்றவற்றை அழகாக எழுதினாலும் மதிப்பெண் போகும். முதல் வேலையாக நாலையும் தாளில் எண்ணிட்டுக்கொள்ளுங்கள்.

ஜப்பானிய மொழியில் என்4 தேறிவிட்டேன். ஆனால் ஜப்பானியரிடம் வாயே திறக்க வரவில்லை. சான்றிதழ் பொய்யா?
– கே.வி., ஓசூர்

பொய் இல்லை. ஜே.எல்.பி.டி. எனும் ஜப்பானிய மொழித்திறன் தேர்வில் பேச்சும் கிடையாது, எழுத்தும் கிடையாது. எளிய என்5 முதல் கடினமான என்1 வரை எல்லாமே கொடுத்த விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதுதான். என்4இல் மொத்தம் 180க்கு 90 வேண்டும். அதிலும் மொழியறிவு, வாசிப்பு சேர்ந்த பகுதியில் 120க்கு 38, கேட்டலில் 60க்கு 19 குறையாமல் இருக்க வேண்டும். கேட்டலில் வெறும் 19 வாங்கி, படிப்பில் 71 வாங்கியவரும் தேறியவரே. உங்கள் மதிப்பெண் தாளை எடுத்துக் கேட்டல் எண்ணைப் பாருங்கள். 30க்குக் கீழ் என்றால் பேச்சுக்கு முன் காதைச் சரிசெய்ய வேண்டும்.

பேச்சைப் பொறுத்தவரை தமிழருக்கு ஜப்பானிய மொழி கைகொடுக்கும். வினை கடைசியில், வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால். வரிசையை மாற்றாமல் தமிழில் நினைத்து அப்படியே சொல்லலாம், ஆங்கிலத்தை நடுவில் விடாமல் இருந்தால் போதும். குறில் நெடில் பேதமும் நமக்குப் பழக்கம்: ‘ஒபசன்’ அத்தை, ‘ஒபாசன்’ பாட்டி. ஆங்கிலேயர் மாதக்கணக்கில் திணறும் இடம் இது. ‘கிதெ’ என்றால் வா, ‘கித்தெ’ என்றால் வெட்டு. மெய் இரட்டிப்பதும் நம் காதுக்குப் புதிதில்லை.

தினம் பத்து நிமிடம், நடந்த ஒரு விஷயத்தை மரியாதை வடிவத்தில் ஐந்து வாக்கியம் சொல்லிப் போனில் பதிவுசெய்து, அதையே நெருங்கிய நண்பனிடம் சொல்லும் சாதாரண வடிவத்தில் மாற்றிச் சொல்லுங்கள். என்4 தேறியவர்கள் அடிக்கடி திக்குவது இந்த வடிவ மாற்றத்தில்தான். ஜப்பானில் வேலை செய்வதற்கான ‘குறிப்பிட்ட திறன்’ விசாவில் போக நினைத்தால் என்4க்குப் பதிலாக ஜே.எஃப்.டி. பேசிக் என்ற அடிப்படை ஜப்பானியத் தேர்வையும் ஏற்கிறார்கள். 250க்கு 200 வேண்டும். முதியோர் பராமரிப்பு வேலைக்கு அதற்கென்றே உள்ள ஜப்பானியத் தேர்வு கூடுதலாக உண்டு.

மகள் இந்திப் பிரச்சார சபையின் ராஷ்ட்ரபாஷா தேறிவிட்டாள். டெல்லி உறவினர் போனில் பேசினால் ‘ஹாங், நஹீ’ தவிர ஒன்றும் வருவதில்லை.
– எல்.பி., காரைக்குடி

1918இல் தொடங்கிய அந்தச் சபையின் பரிச்சய், பிராத்மிக், மத்யமா, ராஷ்ட்ரபாஷா, பிரவேஷிகா, விஷாரத், பிரவீண் வரிசையில் எடை முழுக்க எழுத்தின் மேல்தான். பாடம், இலக்கணம், கட்டுரை, மொழிபெயர்ப்பு. மகள் தோற்கவில்லை; அந்தத் தேர்வு கேட்காததை அவள் படிக்கவில்லை.

செய்ய வேண்டியது இரண்டு. ஒன்று, தமிழ் எழுத்தில் இந்தியை எழுதிப் படிக்கும் பழக்கம் இருந்தால் இன்றே நிறுத்துங்கள். தமிழில் ‘பல்’ என்று எழுதினால், இந்தியில் கணம், பழம், பலம் என மூன்று சொல்லும் ஒன்றாகிவிடும். சாப்பாடும் பாட்டும் ‘கானா’ ஆகிவிடும். தேவநாகரியில் பார்த்து, மூச்சைத் தள்ளும் ஒலிகளை உள்ளங்கையை வாய்க்கு எதிரே வைத்துக் காற்று படுகிறதா என்று பார்த்துப் பழகட்டும்.

இரண்டு, பால் பொருத்தம். ‘மைனே ரொட்டி காயீ’ (நான் ரொட்டி சாப்பிட்டேன்; ரொட்டி பெண்பால்), ஆனால் ‘மைனே சாவல் காயா’ (நான் சோறு சாப்பிட்டேன்; சாவல் ஆண்பால்). முடிந்த செயலைச் சொல்லும்போது ‘நே’ வந்தால் வினை, சாப்பிட்டவரைப் பார்க்காது, சாப்பிட்ட பொருளைப் பார்க்கும். தமிழில் வினை எப்போதும் எழுவாயையே பார்ப்பதால் நம்மவர்கள் ‘மை ரொட்டி காயா’ என்று சொல்லிவிட்டு முழிப்பார்கள். விதி அவளுக்குத் தெரிந்திருக்கும், பேசும் வேகத்தில் வராது. அதற்குப் பத்துப் பொருள், ஐந்து வினை (சாப்பிட்டேன், வாங்கினேன், பார்த்தேன், படித்தேன், எழுதினேன்) வைத்து ஐம்பது வாக்கியம் வாய்விட்டுச் சொல்லும் பயிற்சி மட்டுமே மருந்து. வாரம் ஒரு முறை உறவினரிடம் பேசும்போது தலைப்பை முன்பே சொல்லிவிடுங்கள். இன்று சமையல், அடுத்த வாரம் பள்ளி. ‘ஏதாவது பேசு’ என்று போனைக் கையில் திணித்தால் தாய்மொழியிலேயே பிள்ளைகளுக்கு வாய் வராது.

எங்கள் வீட்டில் நாலு தலைமுறையாகத் தெலுங்கு பேசுகிறோம், ஒருவருக்கும் தெலுங்கு எழுத்துத் தெரியாது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தாய்மொழி எது என்று சொல்வது? தமிழ் என்றால் அம்மா கோபிக்கிறார்.
– சி.என்., கோவில்பட்டி

அம்மா சொல்வதே விதி. 2011 கணக்கெடுப்பின் விளக்கப்படி, குழந்தைப் பருவத்தில் தாய் அந்த நபரிடம் பேசிய மொழியே தாய்மொழி. தாய் அப்போதே இறந்திருந்தால், அந்த வீட்டில் முதன்மையாகப் பேசிய மொழி. எழுதப் படிக்கத் தெரிவதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, பள்ளியில் படித்த மொழிக்கும் இல்லை. சாதியைப் பார்த்து ஊகிப்பது, ‘இது தனி மொழியா, வட்டார வழக்கா’ என்று தீர்ப்புச் சொல்வது எல்லாம் கணக்கெடுப்பவர் வேலை அல்ல; சொன்னதை அப்படியே பதிய வேண்டும். ஒரே வீட்டில் கணவனுக்கு ஒன்று, மனைவிக்கு ஒன்று என்று இருக்கலாம்.

தாய்மொழி தவிர தெரிந்த வேறு மொழிகள் இரண்டைத் தனியாகக் கேட்பார்கள். அங்கே நன்றாக வருவதை முதலில் வைத்துத் தமிழையும் அடுத்ததையும் சொல்லுங்கள். அதற்கும் புரிந்து பேசத் தெரிந்தால் போதும். மூன்றாவது, நான்காவது மொழிகளுக்கு அந்தப் படிவத்தில் இடமில்லை. ஆகவே இந்தியர்களுக்கு எத்தனை மொழி வரும் என்பதை இந்தக் கணக்கு எப்போதுமே குறைத்துத்தான் காட்டும். 2011இல் மக்கள் சொன்ன பெயர்கள் 19,569. அவற்றைச் சரிபார்த்துத் தொகுத்தபோது 1,369 தாய்மொழிகளாகி, கடைசியில் குறைந்தது பத்தாயிரம் பேர் பேசும் 121 மொழிகளாக அச்சேறின. மதுரைப் பக்கத்து சௌராஷ்டிரம் அதில் தனி மொழியாக 2,47,702 பேருடன் நிற்கிறது. பேசுபவர்கள் வேறு மொழியின் பெயரைச் சொல்லியிருந்தால் அந்த எண் சுருங்கியிருக்கும்.

எழுத்து கற்கும் விருப்பம் இருந்தால், பேசத் தெரிந்தவருக்கு அது பெரிய மலை இல்லை. முதலில் தமிழில் நேர் இணை உள்ள எழுத்துகளை மட்டும் எடுங்கள். பிறகு ஒவ்வொரு வல்லின வரிசையிலும் கூடுதலாக உள்ள மூன்று எழுத்துகள். அடுத்து ‘குணிந்தம்’, அதாவது உயிர்மெய் வரிசை. கடைசியாக ‘ஒத்து’: தமிழில் ‘அம்மா’வுக்கு மெய்யின் மேல் புள்ளி வைக்கிறோம், தெலுங்கில் முதல் மெய்க்குப் புள்ளி கிடையாது, இரண்டாவது மெய் சிறிதாகி முதல் எழுத்தின் கீழே போகும். சில ஒத்துகள் தங்கள் முழு எழுத்தைப் போலவே இருக்காது. தெலுங்கு கற்பவர் பாதியில் விடுவது இந்த இடத்தில்தான். அந்தச் சிலவற்றை மட்டும் ஓர் அட்டையில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தினம் முக்கால் மணி நேரம் என்றால் ஆறேழு வாரத்தில் பேருந்துப் பலகை, தலைப்புச் செய்தி படித்துவிடலாம். உள்ளே செய்தியைப் படிக்கும்போது தடுக்கினால் பயப்பட வேண்டாம். வீட்டுத் தெலுங்கில் புழங்காத சமஸ்கிருதச் சொற்கள் அவை, உங்கள் வாசிப்பின் குறை அல்ல.

நியூ ஜெர்சியில் இருக்கும் பேரன் (வயது 8) நாங்கள் தமிழில் கேட்பதெல்லாம் புரிந்துகொண்டு ஆங்கிலத்திலேயே பதில் சொல்கிறான். ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கும் போகிறான்.
– ஓய்வுபெற்ற ஆசிரியை, கும்பகோணம்

கேட்டல் இருக்கிறது என்றால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. ‘தமிழில் சொன்னால்தான் எனக்குப் புரியும்’ என்று நடிப்பதில் பயன் குறைவு. பெற்றோருக்கு ஆங்கிலம் தெரியும் என்பது எட்டு வயதுக்குத் தெரியாதா என்ன? மூன்று வழிகள் வேலை செய்யும். ‘சாப்பிட்டாயா?’ என்று கேட்டால் ‘யெஸ்’ என்று முடிந்துவிடும், ‘தோசையா, இட்லியா?’ என்று கேட்டால் தமிழ்ச் சொல் வாயில் வந்தே ஆக வேண்டும். அவன் ஆங்கிலத்தில் சொன்னதைத் திருத்தாமல் தமிழில் திருப்பிச் சொல்லி உரையாடலைத் தொடருங்கள்: ‘ஐ லாஸ்ட் த கேம்’ என்றால், ‘ஓ, தோத்துட்டியா? எத்தனைக்கு எத்தனை?’ மூன்றாவது, ஆங்கிலம் உண்மையாகவே வராத ஓர் உறவினர். வீட்டில் அப்படிப் பெரியவர் யாராவது இருந்தால் வாரம் இரண்டு முறை, பதினைந்து நிமிடம் அவரோடு வீடியோவில் பேச வையுங்கள். வேறு எந்த உபாயமும் இதற்கு ஈடாகாது.

பள்ளியில் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. அவன் காதில் கேட்பது பேச்சுத் தமிழ், புத்தகத்தில் பார்ப்பது எழுத்துத் தமிழ். ‘வந்துட்டாங்க’ தெரிந்த குழந்தைக்கு ‘வந்துவிட்டார்கள்’ புது மொழி. இரண்டையும் இணைக்கும் மாற்றங்கள் எண்ணிக்கையில் குறைவு, ஒழுங்கானவை. ஆசிரியையான நீங்களே சொல்லிக் கொடுக்கலாம். ‘போறேன் – போகிறேன்’ இல் ‘கி’ திரும்புகிறது. ‘அவங்க – அவர்கள்’. ‘வீட்ல – வீட்டில்’. ‘அம்மாகிட்ட – அம்மாவிடம்’. ‘அடிச்சான் – அடித்தான்’, ‘வெச்சான் – வைத்தான்’: இ, ஐ ஒலிக்குப் பின் வரும் ‘த்த’ பேச்சில் ‘ச்ச’ ஆகிறது. ‘எல – இலை’, ‘ஒதவி – உதவி’: முதலெழுத்தின் இ, உ பேச்சில் எ, ஒ ஆகின்றன. ‘மரம், பழம்’ கடைசியில் மூக்கொலியோடு முடிவது எழுத்தில் ‘ம்’ ஆகிறது. வாரத்துக்கு ஒரு மாற்றம், பத்துச் சொல். அவன் பேசியதை அப்படியே எழுதி, அதை எழுத்துத் தமிழுக்கு மாற்றும் விளையாட்டாக வையுங்கள். பேச்சைத் தவறென்று அடித்துத் திருத்தினால், இருக்கும் பேச்சும் நின்றுபோகும். சிங்கப்பூர்ப் பள்ளிகள் பேச்சுத் தமிழையே பாடத்திட்டத்துக்குள் கொண்டுவந்ததற்குக் காரணம் இதுதான்.

பெரிய வகுப்பில் ஒரு தூண்டில் உண்டு. 2011இல் கலிஃபோர்னியா சட்டமாக்கிய இருமொழி முத்திரை இப்போது பல மாநிலங்களில் பள்ளிச் சான்றிதழோடு வருகிறது. தமிழில் நான்கு திறனையும் நிரூபித்தால் தமிழுக்கும் கிடைக்கும்.

முப்பது நாளில் ஒரு மொழி என்று போடுகிறார்களே, உண்மையில் எவ்வளவு காலம் ஆகும்?
– டி.ஜி., வேலூர்

அமெரிக்க வெளியுறவுத் துறை தன் தூதரக அதிகாரிகளுக்கு வைத்திருக்கும் கணக்கு நம்பகமானது. ஆங்கிலம் தாய்மொழியானவர், முழுநேர வகுப்பில், தொழில் ரீதியாகப் பேசும் நிலையை எட்ட ஸ்பானிஷுக்குச் சுமார் 30 வாரம். இந்தி, தெலுங்கு, தமிழுக்கு 44 வாரம், 1,100 வகுப்பு மணி. ஜப்பானியத்துக்கு 88 வாரம், 2,200 மணி. தமிழை முப்பது நாளில் முடிக்க நாளொன்றுக்கு 36 மணிக்கு மேல் படிக்க வேண்டும். உங்கள் தொடக்கம் தமிழ் என்றால் வரிசையே மாறும்: மலையாளம் முதலில் வரும், ஸ்பானிஷ் பின்னால் போகும். முப்பது நாளில் ஏ1இன் ஒரு பகுதி வரும். சுற்றுலாவுக்கு அது தாராளம்.

டெல்லியில் சி.பி.எஸ்.இ. படித்தேன், தமிழ் பாடமாக எடுக்கவில்லை. டி.என்.பி.எஸ்.சி. எழுத முடியுமா?
– பி.கே., தாம்பரம்

எழுதலாம். ஆனால் இரண்டு வாசல்கள் உண்டு. போட்டித் தேர்விலேயே பத்தாம் வகுப்புத் தரத்தில் தமிழ்த் தகுதித் தாள். குரூப் 4இல் 100 கேள்வி, 150 மதிப்பெண், 40 சதவீதமான 60 எடுக்காவிட்டால் அடுத்த பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். அங்கே அந்த மதிப்பெண் தரவரிசையிலும் சேரும்; குரூப் 1, 2 முதன்மைத் தேர்வில் தமிழ்த் தாள் தகுதிக்கு மட்டும். இரண்டாவது, வேலை கிடைத்த பிறகு. பள்ளியிலோ கல்லூரியிலோ தமிழ் படித்த சான்று இல்லாதவர், இரண்டு ஆண்டுக்குள் ஆணையம் நடத்தும் இரண்டாம் நிலை மொழித் தேர்வைத் தேற வேண்டும். அதில் எழுத்தும் உண்டு, நேரில் பேசிக் காட்டுவதும் உண்டு. வீட்டுத் தமிழ் பேச்சுப் பகுதிக்குக் கைகொடுக்கும். தகுதித் தாளுக்கு ஆறு முதல் பத்தாம் வகுப்பு வரை உள்ள அரசுத் தமிழ்ப் புத்தகங்கள், அதிலும் ஒவ்வொரு இயலின் இலக்கணப் பகுதி.

ஐ.இ.எல்.டி.எஸ். ஆங்கிலத் தேர்வில் கேட்டல் 6.5, வாசிப்பு 6.5, எழுத்து 5, பேச்சு 7. மொத்தம் 6.5 என்று வந்திருக்கிறது. சராசரி 6.25தானே?
– எம்.ஏ., காயல்பட்டினம்

சரியாகத்தான் போட்டிருக்கிறார்கள். சராசரி .25இல் முடிந்தால் அடுத்த அரைக்கு ஏறும், .75இல் முடிந்தால் அடுத்த முழு எண்ணுக்கு. 6.125 வந்திருந்தால் 6க்கு இறங்கியிருக்கும். ஆனால் கல்லூரிகள் பல ‘எந்தப் பகுதியிலும் 6க்குக் குறையக் கூடாது’ என்று தனி நிபந்தனை வைப்பதால் உங்கள் எழுத்து 5 தடையாகலாம். எழுத்தில் இரண்டாவது கேள்விக்கு (குறைந்தது 250 சொல்) முதல் கேள்வியைப் போல இரு மடங்கு எடை. 60 நிமிடத்தில் அதற்கு 40 ஒதுக்குங்கள், முடிந்தால் அதையே முதலில் எழுதுங்கள். கணினி வழியில் எழுதியிருந்தால் ஒரு பகுதியை மட்டும் 60 நாளுக்குள் திரும்ப எழுதும் வசதி உண்டு. பணம் கட்டுமுன், நீங்கள் விண்ணப்பிக்கும் கல்லூரி அந்த மறுதேர்வு மதிப்பெண்ணை ஏற்கிறதா என்று மின்னஞ்சலில் கேட்டுப் பதிலை வைத்துக்கொள்ளுங்கள். எல்லாக் கல்லூரிகளும் ஏற்பதில்லை. மதிப்பெண் இரண்டு ஆண்டுக்குச் செல்லும்.